ஐந்து துளைகள்

சனிக்கிழமை காலை பத்து மணி. ஆம்பூரில் அஹமது பாஷா பாயின் தோல் பதனிடுகிற ஷாப்பில், சாயம் ஏற்றச் சுற்றுகிற எட்டு டிரம்மும் நின்றுபோயிருந்தன.

டிரம் சுற்றாவிட்டால் அங்கே காது அடைத்த மாதிரி இருக்கும். இருபத்தாறு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று தோலின் ஓரம் வெட்டுகிற அமிர்தவள்ளிக்கு, வெள்ளிக்கிழமை லீவு நாளில் வாசல் பக்கம் வந்தால்தான் இந்த அமைதி தெரியும். வேலை நாளில் இப்படி இருந்ததில்லை.

ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் அவள் மகள் ஜோதிக்கும் மட்டும் தெரியும்.

ஜோதி அதே ஷாப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அவள் தம்பி ஜெயப்பிரகாஷ், 'தோல் வேலைக்கு வரவே மாட்டேன்' என்று அப்பா முனிரத்தினத்திடம் அறை வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனும் இல்லை, ஆளும் இல்லை. அவன் பேரில் இன்று காலை ஜோதியின் சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. 'அக்கா, எப்படி இருக்கீங்க? என் போட்டோ அனுப்பியிருக்கேன். அம்மாகிட்ட காட்டுங்க.' பாவி மகள் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே திறந்தாள். போட்டோ வரவில்லை. கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. உங்கள் ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்றது.

போன வார இதழில் அந்தச் சிவப்பு எழுத்தோடுதான் ஜோதியை விட்டுவிட்டு வந்தோம்.

"யம்மா, எல்லாம் போச்சு. எந்தத் தோலுக்கு எந்தச் சாயம், எத்தனை கிலோ, எத்தனை நிமிஷம் சுத்தணும், அத்தினி ஷேடும் அதுலதான் இருந்திச்சு. ஒண்ணுகூடத் திறக்கல."

ஓரம் வெட்டுகிற மேஜைக்குக் கீழே குனிந்து, எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு ஜோதி சொன்னாள். கண்ணீர் தோல் துண்டுகள் மேல் விழுந்தது.

"யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல. சொன்னா இன்னியோட என்னை வெளிய அனுப்பிடுவாங்க. சொந்த மெயில ஆபீஸ்ல தொறக்கக் கூடாதுன்னு சின்ன பாய் பத்து வாட்டி சொல்லியிருக்காரு."

அமிர்தவள்ளி கத்தியைக் கீழே வைத்தாள். திறந்தது மகள்தான். ஆனால் தினம் சாயங்காலம், 'தம்பிகிட்டர்ந்து ஏதாவது வந்துச்சாடி?' என்று கேட்டுக் கேட்டு அவளை அந்த மெயிலுக்காகக் காத்திருக்க வைத்தது யார்? வீட்டில் மாசச் சம்பளம் வருகிற ஒரே வேலை ஜோதியுடையதுதான். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. அது போனால் மறுபடியும் இதே மேஜை, இதே கத்தி, இதே இடுப்பு வலி.

டிரம் பக்கத்திலிருந்து முனிரத்தினம் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.

"இன்னாடி நடக்குது ஆபீஸ்ல? எண்ணூறு தோலு உள்ள ஊறிட்டு இருக்குது. ஷேடு சீட்டு குடுங்கன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். சாயங்காலத்துக்குள்ள சாயம் ஏத்தலன்னா அத்தனையும் வேஸ்ட்டு."

"கம்ப்யூட்டர் ரிப்பேராம்" என்றாள் அமிர்தவள்ளி.

"ரிப்பேருன்னா இவ ஏன் மேஜைக்கு அடியில ஒளிஞ்சுகினு அழுவுறா?"

அமிர்தவள்ளி கத்தியை எடுத்துத் தோலின் ஓரத்தை வெட்ட ஆரம்பித்தாள். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மகன் போன நாளிலிருந்தே அவர் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்பதில்லை.

*

பதினொன்றரைக்கு உமர் ஃபாரூக் வந்தார். காட்பாடியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்க்கிறவர். அஹமது பாஷா பாயின் மகன், சின்ன பாய் ஃபைஸானுக்குத் தோஸ்த். வந்ததும் சலாம் சொல்லிவிட்டு, நாற்காலியில்கூட உட்காராமல், கம்ப்யூட்டர்களுக்குப் பின்னால் போய் ஒவ்வொரு வயராகப் பிடுங்கினார்.

"மொதல்ல ஒண்ணுக்கொண்ணு தொடுப்பு இல்லாம பண்ணணும். அம்மை வந்த வீட்ல தனியா படுக்க வைக்கிற மாதிரி."

விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் உள்ளே போன அமிர்தவள்ளி, கதவோரமாகவே நின்றுகொண்டாள். பெரிய பாய் அஹமது பாஷா நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபைஸான் நடந்துகொண்டே இருந்தார்.

"யாரு பண்ணினது, எப்படி வந்தான், அதச் சொல்லுடா" என்றார் ஃபைஸான்.

"வர்றதுக்கு வழியா இல்ல? ஒருத்தன் கொத்துச் சாவிய வெச்சுக்கிட்டு, பாஸ்வேர்ட ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பான். ஒருத்தன் ரயில்வே ஸ்டேஷன்ல ஓசி வைஃபை நடுவுல உக்காந்து, போற வர்ற கடிதாசி எல்லாத்தையும் பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடி ஒட்டி அனுப்புவான். இன்னொருத்தன் உள்ளயே வர மாட்டான். ஒரே நேரத்துல லட்சம் பேர அனுப்பி வாசல அடைச்சுடுவான், உன்னோட நெஜமான கஸ்டமர் உள்ள வர முடியாது." உமர் ஃபாரூக் கடைசி வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "இது அதெல்லாம் இல்ல. இது தூண்டில். உள்ள இருந்த யாரோ கதவத் தொறந்து விட்டிருக்காங்க. எந்த மிஷின்ல, எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா எது வரைக்கும் பரவியிருக்கும்னு சொல்வேன். இல்லன்னா ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு நாள் ஆவும்."

ரெண்டு நாள் டிரம்மில் தோல் தாங்காது. அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளை அமிர்தவள்ளி பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணால் சொல்லலாமா, நான்தான் திறக்கச் சொன்னேன் என்று முன்னால் போய் விழலாமா என்று தவித்தாள். அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஜோதி எழுந்துவிட்டாள்.

"என் மிஷின் சார். எட்டு அம்பது. என் தம்பி பேர்ல மெயில் வந்திச்சு. நான்தான் தொறந்தேன்."

"சொந்த மெயிலா? ஆபீஸ்லயா?" ஃபைஸானின் குரல் கூரையைத் தொட்டது. "பத்து வாட்டி சொன்னனா இல்லியா? அப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன், இவங்களுக்கெல்லாம் நெட்டு குடுக்காதீங்கன்னு."

"ஃபைஸான்" என்றார் பெரிய பாய். அவ்வளவுதான். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உமர் ஃபாரூக் ஜோதியின் செல்போனில் அந்த மெயிலைப் படித்துப் பார்த்தார். "தம்பியோட அக்கவுண்ட்ட எவனோ திருடியிருக்கான்மா. உள்ள பூந்து, அவன் யாருக்கெல்லாம் எழுதியிருக்கான்னு பார்த்து, அவன் எழுதுற மாதிரியே எல்லாருக்கும் அனுப்பியிருக்கான்."

அமிர்தவள்ளிக்குக் கையில் இருந்த செம்பு கனத்தது. "அப்போ... அம்மாகிட்ட காட்டுங்கன்னு எழுதினது என் புள்ள இல்லியா?"

"இல்லம்மா."

"எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றாள் ஜோதி, அழுகையும் கோபமுமாக. "பொறந்ததுலர்ந்து ஒரு நாளாவது அவன் என்னை அக்கான்னு கூப்ட்டிருக்கானா? 'ஏ ஜோ'ன்னுதான் கூப்புடுவான். அக்கான்னு பார்த்ததும் திருந்திட்டான்னு நெனச்சிட்டேன் சார், லூசு மாதிரி."

உமர் ஃபாரூக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "சரி, பேக்கப் எங்க?"

"பேக்கப் டிஸ்க்கும் இந்த மிஷின்லதான் சார் எப்பவும் சொருகியிருக்கும்." ஜோதியின் குரல் தேய்ந்தது. "அதுவும் பூட்டியிருப்பான்."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு வயர்தான் நுனியில் ஒன்றும் இல்லாமல் தொங்கியது.

"டிஸ்க்கு இல்லியே?"

ஃபைஸான் ஓடி வந்து அவரும் குனிந்து பார்த்தார். "இங்கதான இருந்திச்சு! வியாழக்கிழமை நானே பார்த்தேன். அப்ப டிஸ்க்கும் திருட்டுப் போயிடுச்சா? ஆள் உள்ள வந்து எடுத்துட்டுப் போயிருக்கான்!"

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அமிர்தவள்ளி.

எல்லார் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது.

அந்த ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை ஆளில்லாத நேரத்தில் ஒரு பிளக் தீப்பிடித்து, தோல் தூசியில் பரவி ஒரு கொட்டகையே எரிந்தது. அதிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் லீவு விடுவதற்கு முன்னால் பொம்பளையாட்கள் இரண்டு பேர் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொருகியிருப்பது எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்று பெரிய பாய் உத்தரவு போட்டார். இந்த மாசம் அமிர்தவள்ளியின் முறை.

"சொருகியிருக்கறது எல்லாம்னு பெரிய பாய் சொன்னாரு. அது குட்டி வயரா இருந்திச்சு, அதையும் பிடுங்கிட்டேன்." செம்பைக் கீழே வைத்தாள். "போன வாரமும் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் வயர்ல கைவெச்சா கெட்டுப்பூடும்னு இவ திட்டினா. தூசி படக்கூடாதேன்னு இந்த வாட்டி ஒரு தோல்ல சுத்தி, அந்தக் கடைசி டிராயர்ல வெச்சேன். காலைல வந்து இவ கையில குடுக்கலாம்னு. மேஜைல வேலை வந்துடுச்சி, மறந்துட்டேன்."

ஜோதி டிராயரை இழுத்தாள். மஞ்சள் ஆட்டுத்தோலில், குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தது. அவள் அதைப் பிரித்து, அப்படியே கம்ப்யூட்டரில் சொருகப் போனாள்.

"தொடாத!" என்று கத்தினார் உமர் ஃபாரூக். "அந்த மிஷின்ல வேணாம். அழுக்குத் தண்ணில நல்ல தோலப் போடுவாங்களா?"

தன் பையிலிருந்து சொந்த லேப்டாப்பை எடுத்து, டிஸ்க்கை அதில் சொருகினார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து கேள்வி கேட்டது.

"இதுவும் பூட்டியிருக்கா?" அமிர்தவள்ளி திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "இதையும் அவன் பூட்டிட்டானா?"

"இது நாம பூட்டினதும்மா. டிஸ்க்கு தொலைஞ்சா கண்டவன் படிக்கக் கூடாதுன்னு ஃபைஸான் பூட்டி வெச்சிருக்கான்."

"திருடனும் பூட்றான், நீங்களும் பூட்றீங்களா?"

"பூட்டு ஒண்ணுதாம்மா. சாவி யார்கிட்ட இருக்குதுன்றதுதான் விஷயம். பூட்டின சாவியேதான் தொறக்கவும் தொறக்கும். டேய், பாஸ்வேர்டு சொல்லு. ஷாப் பேரும் ஒண்ணு ரெண்டு மூணுமா இருந்தா உன்ன அடிப்பேன்."

ஃபைஸான் தாடியைச் சொறிந்தார். "மத்ததுக்கெல்லாம் அதுதான்டா. இதுக்கு மட்டும் நசீமுன்னிசா வெச்சா."

"அண்ணியா? அப்ப பொழச்சோம். போன் போடு."

சின்ன பாயின் வீட்டம்மா போனில் சொல்லச் சொல்ல உமர் ஃபாரூக் அடித்தார். நீளமான வாக்கியம். நடுவில் ஓர் இடத்தில் அவர் நிறுத்தி, "அண்ணி, இதுல ஃபைஸானோட குறட்டையப் பத்தி எல்லாம் வருதே" என்றார். பெரிய பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

கட்டம் மறைந்தது. வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்தன. கறுப்பு, பழுப்பு, ஒயின் சிவப்பு, கடற்படை நீலம். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உள்ள ஷேடு அத்தனையும் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பெரிய பாய்.

ஜோதி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். தோல் நாற்றம் பிடித்த புடவை என்று காலையில் தள்ளி நிற்கிறவள்தான்.

*

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் டிரம் சுற்றியது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. தரை அதிர்ந்தது. மேஜை அதிர்ந்தது. அமிர்தவள்ளிக்குப் பாதத்திலிருந்து உயிர் மேலே ஏறுகிற மாதிரி இருந்தது.

பெரிய பாய் ஜோதியைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

"தப்புதான் நீ பண்ணினது. பெரிய தப்பு" என்றார். "ஆனா கேட்டதும் சொன்னே. மறைச்சிருந்தா ரெண்டு நாள் போயிருக்கும். திங்கள்லர்ந்து உமர் வந்து பாடம் எடுக்கறாரு. நீதான் மொத பெஞ்சு. இவன் ரெண்டாவது பெஞ்சு." ஃபைஸானைக் காட்டினார். "அமிர்தம்மா, நீ எல்லாருக்கும் பிரியாணி எடுத்து வை, போ. ஜாஸ்தியாவே சொல்லியிருக்கேன்."

வேலை போகவில்லை. அதைத் தாண்டி ஒன்றும் அமிர்தவள்ளியின் காதில் ஏறவில்லை. எல்லாருக்கும் எடுத்து வைத்தாள். தன் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, வராந்தாவில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உமர் ஃபாரூக்கிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு சமாச்சாரம். அந்த அக்கவுண்ட்டு திருடன்கிட்ட இருக்குதுன்னா, என் பையன் அதப் பார்க்கவே முடியாதா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பாஸ்வேர்ட மாத்தாம விட்டிருந்தா, ரெண்டு பேரும் உள்ள இருப்பாங்க. திருடன் கொல்லைப் பக்கமா, வீட்டுக்காரன் வாசப் பக்கமா. இவனுக்கே தெரியாது."

"அப்ப ஒண்ணு எழுதி அனுப்பினா பார்ப்பானா?"

"பார்க்கலாம். திருடனும் படிப்பான். படிச்சுட்டு உங்க பையன் மாதிரியே பதில் போடுவான். நம்பிட்டு மறுபடி எதையாவது தொறப்பீங்க." அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சாவி ஏதாவது இருந்தாத்தான் உண்டு. வேற யாருக்கும் தெரியாதது. எங்கயும் எழுதி வெக்காதது."

அமிர்தவள்ளியின் கண் ஓரம் வெட்டுகிற மேஜைப் பக்கம் போனது.

"இருக்குது சார்" என்றாள்.

டிரம்மில் போகிற தோலில் மையால் எழுதினால் நிற்காது. அதனால் எந்தக் கட்டுத் தோல் என்று காட்டுகிற லாட் நம்பரை வால் பக்கம் துளையாகக் குத்தித்தான் அனுப்புவார்கள். அமிர்தவள்ளி முதியோர் வகுப்பில் சேர்ந்து 'அ' எழுதியது நாற்பத்திரண்டாம் வயதில். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அந்தத் துளைதான். ஜெயப்பிரகாஷ் ஸ்கூல் படிக்கிற காலத்தில் அவளுக்கு ஷிப்டு மாறி மாறி வரும். சீட்டு எழுதி வைத்தால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இரண்டு பேரும் தோல் துண்டில் குத்தி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார்கள். ஒரு துளை அப்பா. இரண்டு துளை அம்மா. மூன்று ஜோதி. நாலு அவன். ஓரத்தில் ஒரு வெட்டு என்றால் வெளியே போயிருக்கிறேன். இரண்டு வெட்டு என்றால் வந்துகொண்டிருக்கிறேன். மூலையை நறுக்கியிருந்தால் சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். ஜோதிக்கு அதெல்லாம் விளையாட்டு. பாதி மறந்தும் போய்விட்டது.

அமிர்தவள்ளி மேஜைக்குப் போய், கழிவுக் கூடையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு எடுத்தாள். சதுரமாக வெட்டினாள். துளை குத்துகிற 'பஞ்ச்' கருவியை வைத்து இரண்டு தட்டு தட்டினாள். இரண்டு துளை. நாலு மூலையையும் நறுக்காமல் விட்டாள்.

'அம்மா இன்னும் சாப்பிடவில்லை.'

அந்தத் துண்டை ஆணியில் பார்த்தால் அவன் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவான். அப்பா திட்டினாலும், நண்பர்கள் இழுத்தாலும்.

ஜோதி செல்போனில் அதைப் படம் எடுத்து, ஒரு எழுத்தும் சேர்க்காமல் தம்பியின் மெயிலுக்கு அனுப்பினாள். உமர் ஃபாரூக் எட்டிப் பார்த்தார்.

"இத நான் பார்த்தாலே ஒண்ணும் புரியல. திருடன் மண்டையப் பிச்சுக்கட்டும்" என்றார். "ஆனா பதில் வந்தா, படம் மட்டும் பாருங்க. வேற எதையும் தொறக்காதீங்க."

"தொறந்தா நானே அவ கையை ஒடிச்சுடுவேன் சார்" என்றாள் அமிர்தவள்ளி.

மூன்று மணிக்கு ஒரு பதில் வந்தது. 'அக்கா, இது என்ன? இந்த லிங்க்கை அழுத்துங்கள்.' ஜோதி அதைத் தொடாமலேயே அழித்தாள். "போடா கள்ளப் பயலே" என்றாள் போனைப் பார்த்து. அம்மாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் வாடிவிட்டது. பிரியாணிப் பொட்டலம் மேஜை ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

நாலு ஆனது. நாலரை ஆனது. முதல் லாட் ஒயின் சிவப்பாக டிரம்மிலிருந்து இறங்கியது. முனிரத்தினம் பூட்ஸைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

அவளுக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மெயிலை, திருடனை, துண்டை. அவர் கேட்டுக்கொண்டே பக்கத்தில் தோல் கட்டுமேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் அந்தச் சதுரத் துண்டை எடுத்து, இரண்டு துளையையும் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஐந்து மணிச் சங்கு ஊதுகிற நேரத்தில் ஜோதி ஆபீஸிலிருந்து ஓடி வந்தாள். செருப்பு ஒரு பக்கம் போனது.

"யம்மா! யம்மா!"

செல்போனை நீட்டினாள். பதிலில் எழுத்து ஒன்றும் இல்லை. படம் மட்டும். சிமெண்டுத் தரைமேல் வைத்த ஒரு பழுப்புத் தோல் துண்டு. அதில் ஆணியால் குத்திய நாலு துளை. ஒரு மூலை நறுக்கியிருந்தது. ஓரத்தில் இரண்டு வெட்டு.

அமிர்தவள்ளி அந்த நறுக்கிய மூலையை விரலால் தொட்டாள். "சாப்ட்டானாம்" என்றாள். "சாப்ட்டானாம்டி. வர்றானாம்."

முனிரத்தினம் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளைப் பார்த்துப் பேர் சொல்கிற மாதிரி, தோலைப் பார்த்தே எதுவென்று சொல்லிவிடுவார்.

"இது நான் தச்சுக் குடுத்த பர்ஸுடி" என்றார். "தோலே வேணாம்னு போனவன், ரெண்டு வருஷமா இத வெச்சுட்டுதான் இருந்திருக்கான். இப்ப அதப் போய் வெட்டியிருக்கான் பாரு, கிறுக்கன்."

திட்டுகிற குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

அமிர்தவள்ளி கத்தியை எடுத்து, தன் துண்டின் ஒரு மூலையை நறுக்கினாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஆறிப்போன பிரியாணியில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அடைத்திருந்த நெஞ்சுக்குள் அது நேராக இறங்கியது. இரண்டாவது வாய் எடுக்கும்போதுதான் ஜோதி படத்தை விரலால் விரித்துப் பெரிசாக்கினாள்.

"யம்மா, கீழ இன்னொரு வரிசை இருக்குது பாரு."

இருந்தது. நாலு துளைக்குக் கீழே, பொடிப்பொடியாக, கோணல் மாணலாக.

முனிரத்தினம் எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபடியும் எண்ணினார். எட்டு டிரம் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் தனியாகக் கேட்டது.

"அஞ்சு."

நாலு பேர் வீட்டில் அஞ்சு கிடையாது; அஞ்சு என்றால் புதுசாக ஓர் ஆள். அமிர்தவள்ளி சோற்றுக் கையோடு போனைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள். மேலே குத்தியது அவன் கை. அது அவளுக்குத் தெரியும். கீழே குத்தியது வேறு கை. ஆணியைப் பிடித்துப் பழகாத கை. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் தப்பிப்போய்க் கீறின தடம் இருந்தது. யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டு, அவன் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, மெதுவாகக் குத்தியிருக்கிறார்கள்.

அதற்குப் பக்கத்திலும் இரண்டு வெட்டு இருந்தது.